அப்பாவின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி: எங்கள் வீட்டில் செய்தது

எங்கள் அப்பா 2023 ஐப்பசியில் காலமானார். வயது 91. கொத்தனார் வேலை. 79 வயது வரைக்கும் சாரத்தில் ஏறியவர், அதற்கு அப்புறமும் சும்மா இருக்கவில்லை, வாழைக்கு மண் அணைப்பது, பக்கத்து வீட்டுக் கிணற்றுச் சுவரைப் பூசிக் கொடுப்பது என்று தினமும் கையில் ஏதாவது ஒரு வேலை இருக்கும். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு ஒரு சின்ன நினைவுப் புத்தகம் போடலாம் என்று அண்ணன் சொன்னான், எழுதுகிற பொறுப்பு எனக்கு வந்தது.

உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. நல்லவர். உழைப்பாளி. எல்லோருக்கும் உதவுவார். கோபம் வந்தாலும் மனசில் வைக்கமாட்டார். நம் ஊர் ஜங்ஷனில் கட்டியிருக்கிற எந்தக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸை வேண்டுமானாலும் எடுத்து, எந்தப் பெயருக்குக் கீழே வேண்டுமானாலும் இந்த நாலு வரியைப் போட்டுவிடலாம். 58 வருடம் மகளாக இருந்துவிட்டு, இது என் அப்பா மட்டும்தான் என்று காட்டுகிற ஒரு வரி எனக்குத் தெரியவில்லையே என்று நினைத்தபோது அழுகை வந்தது.

அந்தப் புத்தகம் பதினாறுக்கு வரவில்லை. ஒரு வருடம் கழித்து ஆண்டு நினைவுக்குத்தான் வந்தது, 24 பக்கம். அந்த ஒரு வருடத்தில் நான் செய்ததையும், தப்பாகச் செய்துவிட்டு அப்புறம் திருத்திக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இப்போதுதான் யாராவது போயிருந்தால், அல்லது அப்பா திண்ணையில் உட்கார்ந்து இன்னும் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தால், இது உதவும்.

முதல் இரண்டு வாரம்: ஒரு நோட்டு போதும்

இந்த நாட்களில் எழுத உட்காராதீர்கள், வராது. ஆனால் துஷ்டி கேட்க வருகிறவர்கள் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேசுவார்களே, அந்தப் பேச்சு மறுபடி கிடைக்கவே கிடைக்காது. 30 வருடமாக வீட்டுப் பக்கம் வராதவர்கூட அன்றைக்கு வந்து ஒரு கதையைச் சொல்லிவிட்டுப் போவார். அதைக் கேட்கிற நிலையில் பிள்ளைகள் இருக்கமாட்டோம். ஒரு பேரப்பிள்ளையிடம் 100 பக்க நோட்டைக் கொடுத்து, வருகிறவரின் பெயர், போன் நம்பர், அப்பாவோடு எங்கே பழக்கம் என்று மூன்றை மட்டும் எழுதச் சொல்லுங்கள். கதையை முழுதாக எழுத வேண்டாம், பின்னால் அவரைத் தேடிப் போக ஒரு வழி இருந்தால் போதும். போனை நீட்டி ரெக்கார்டு செய்வதை அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், அது யாருக்கும் நன்றாக இருக்காது.

எங்கள் வீட்டில் அண்ணன் மகள்தான் எழுதினாள். மொத்தம் 63 பெயர். அதில் 20 பேரையாவது எங்களில் யாருக்கும் தெரியாது.

யாரிடம் முதலில் போவது

இங்கேதான் நான் பெரிய தப்பு செய்தேன். உறவு முறைப்படி போனேன். முதலில் அத்தை, அப்புறம் சித்தப்பா வீடு, அப்புறம் மாமா, கடைசியில் கூட்டாளிகள் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தேன். கடைசி இடத்தில் இருந்தவர்களில் ஒருவர், அப்பாவோடு 40 வருடம் ஒரே சாரத்தில் நின்றவர், நான் போகிற வாரத்துக்கு முந்தின வாரம் போய்விட்டார். அவர் மனசில் இருந்த அப்பாவும் அவரோடு போய்விட்டார்.

ஆகவே வயசுப்படி போங்கள். யாருக்கு வயது அதிகம், யாருக்கு உடம்பு முடியவில்லை, அவரிடம் முதலில். சொந்தக்காரர்கள் எப்படியும் கல்யாணத்திலும் சடங்கிலும் கிடைத்துவிடுவார்கள்.

போகிற நேரமும் முக்கியம். மத்தியானம் சாப்பிட்ட பிறகு வயசானவர்களுக்குத் தூக்கம் வரும். சாயங்காலம் நாலு மணி, காப்பி குடிக்கிற நேரம் நல்லது. மட்டிப் பழமோ கொஞ்சம் முறுக்கோ வாங்கிக்கொண்டு போங்கள், பல் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டு வாங்குங்கள். அப்பாவின் பழைய போட்டோ ஒன்றைக் கையில் எடுத்துப் போய் அவர் மடியில் வையுங்கள். கேள்வி கேட்பதைவிட அது சீக்கிரம் வேலை செய்யும்.

இப்படிப் போனபோது கிடைத்ததுதான் சனிக்கிழமை விஷயம். அப்பா சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி வாக்கில் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவார், ஐந்து மணிக்கு வருவார். வாழைத் தோட்டத்துக்குப் போகிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் ஆமா என்றோ இல்லை என்றோ சொன்னதில்லை. சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போன ஒரு மாமா, அப்பாவின் பால்ய கூட்டாளி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். அவர் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார், 11 வருடமாக, அந்த வாரத்துப் பேப்பரை எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு. அப்பா படித்தது நாலாம் வகுப்பு.

"ஒங்கப்பா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாரு மக்கா. ஒரு பக்கம் தீரதுக்கு ஒரு மணிக்கூர் ஆவும். எம் மருமொவ வேகமா வாசிப்பா, எனக்கு அது புடிக்காது. ஒங்கப்பா வாசிச்சா ஒவ்வொரு எழுத்தும் கண்ணுல தெரியும்."

இதை நான் எங்கே போய்க் கற்பனை செய்ய முடியும்? "எல்லோருக்கும் உதவுவார்" என்ற வரியை அன்றைக்கு ராத்திரியே அடித்துவிட்டு இதை எழுதினேன்.

என்ன கேட்பது

"எங்க அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள், அதோடு முடிந்துவிடும். கேள்வி சின்னதாக இருக்க வேண்டும், கைக்கும் காலுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். வேலைக்கு வந்ததும் முதலில் எதை எடுப்பார்? மத்தியானச் சோற்றில் என்ன இருக்கும், யாருக்குப் பங்கு கொடுப்பார்? கூலி வாங்கினதும் நேரே எங்கே போவார்? எதற்குச் சிரிப்பார்? யாரோடு பேசாமல் இருந்தார், யார் போய்ச் சேர்த்து வைத்தார்கள்? எந்தப் பாட்டை முணுமுணுப்பார்? மழை பெய்து வேலை நின்றுபோன நாளில் என்ன செய்வார்?

கடைசிக் கேள்வி நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மிகவும் பொருத்தம். வைகாசியில் தொடங்குகிற எடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, வருடத்தில் இரண்டு முறை வேலை நிற்கும். அந்த நாட்களில் ஒரு மனிதன் என்ன செய்தான் என்று கேட்டால் அவனுடைய ஆசை எல்லாம் வெளியே வந்துவிடும். எங்கள் அப்பா மழை நாளில் மரச்சீனிக் கிழங்கை அவித்து, காந்தாரி மிளகைச் சதைத்து, வேலையாட்கள் எல்லோரையும் வீட்டுக்கு வரச் சொல்லிவிடுவாராம். அம்மா அதற்காகத் திட்டுவாளாம். அம்மாவே சொன்னாள்.

ஒருவர் பேசும்போது நடுவில் புகாதீர்கள். அவர் நிறுத்தினாலும் பத்து எண்ணுகிற வரைக்கும் சும்மா இருங்கள். இரண்டாவதாக வருகிற கதைதான் பெரும்பாலும் நல்ல கதை. அப்புறம், ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால் பஞ்சாயத்து செய்ய வேண்டாம், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வருடம் கண்டுபிடிப்பது

இது கொஞ்சம் நீளும், ஆனால் இதில்தான் நிறையப் பேர் திணறுகிறார்கள். நம் பகுதி 1949 வரை திருவிதாங்கூர், அப்புறம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி என்று இருந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் அன்றைக்குத்தான் தமிழ்நாட்டோடு, அதாவது அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முன்னால் பிறந்தவர்களின் காகிதங்களில் பாதி மலையாளத்தில் இருக்கும், வருடம் கொல்லம் ஆண்டில் இருக்கும், பணம் சக்கரம் என்ற பழைய நாணயத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம், கணக்கு சுலபம்.

கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது சிங்ங மாதம் பிறக்கும்போது மாறும். ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதி என்றால் கொல்லம் ஆண்டோடு 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய என்றால் 825. சக்கரத்துக்கு 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், 4 சக்கரம் ஒரு பணம் (பணம் என்பதும் அந்தக் காலத்து நாணயம்தான்).

எங்கள் அப்பாவுக்கு ஆதார் அட்டையில் 01.01.1936 என்று இருந்தது. அந்தக் காலத்து ஆட்களுக்கு ஜனவரி 1, ஜூன் 1 என்றெல்லாம் இருந்தால் அதை நம்பாதீர்கள், யாரோ ஒருவர் படிவத்தை நிரப்புவதற்காகப் போட்ட தேதி அது. அத்தைதான் சொன்னாள்: "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துக்கு எட்டு வருசம் களிச்சு, ஆடி மாசம் பிறந்தான்னு எங்க அம்மை சொல்லுவா." தொண்ணூற்றொன்பது என்றால் கொல்லம் 1099, திருவிதாங்கூரையே மூழ்கடித்த 1924 ஜூலை வெள்ளம். எட்டு வருடம் கூட்டினால் 1107 ஆடி, 825 கூட்டினால் 1932. சரி, அத்தை சொன்னது மட்டும் போதுமா என்று வீட்டுப் பெட்டியில் இருந்த பழைய பாகப் பிரமாணத்தை, அதாவது சொத்துப் பாகம் பிரித்த பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தோம். 1128 மகரம் என்று இருந்தது, அப்பாவுக்கு வயது 20 என்று போட்டிருந்தது. மகரம் என்றால் தை, ஆகவே 1953 ஜனவரி வாக்கில். பொருந்திவிட்டது. அப்பாவுக்கு நாங்கள் நினைத்ததைவிட மூன்றரை வயது அதிகம்.

கிறிஸ்தவ வீடுகளில் இது இன்னும் சுலபம், கோயில் அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம். இந்து வீடுகளில் ஜாதகம் இருக்கலாம், ஓலையாகக்கூட இருக்கலாம். தொடக்கப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும், அதிலும் வயது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் எந்த வருடம் பள்ளியில் சேர்ந்தார் என்பது சரியாக இருக்கும்.

மற்ற வருடங்களுக்கு, "எப்போ?" என்று கேட்டால் ஞாபகம் இல்லை என்பார்கள். "அதுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேளுங்கள். நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த சில நாட்கள் இருக்கின்றன. 1954 ஆகஸ்ட் 11, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்த நாள். 1956 தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1966 மாத்தூர் தொட்டிப்பாலம். 1970 விவேகானந்தர் மண்டபம் திறந்தது. 1979 திருவனந்தபுரத்தில் இருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 2000 ஜனவரி 1 வள்ளுவர் சிலை. 2004 டிசம்பர் 26 சுனாமி. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல். இதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். சின்ன அண்ணன் பிறந்தது ரயில் வருவதற்கு முன்னாடியா? வீட்டுக்கு ஓடு மாற்றிக் கான்கிரீட் போட்டது சிலை திறந்த பிறகா? அடுத்த நிமிடம் வருடம் கிடைத்துவிடும்.

அதோடு கதையும் கிடைக்கும். ஒக்கி என்றதும் பக்கத்துத் தெரு அக்கா சொன்னாள்: காற்று அடங்கின காலையில், வாழையும் ரப்பரும் ரோட்டில் குறுக்கே கிடக்க, கரண்ட் இல்லை, போன் இல்லை, 85 வயதில் அப்பா வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு தனியாக இருக்கிற ஒரு பாட்டியின் வீடு வரைக்கும் வழி வெட்டிக்கொண்டு போயிருக்கிறார். போய், வீடு நிற்கிறதா என்று சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாராம். அந்தச் சுவர் அவர் கட்டினது.

சாமான்களைப் பாருங்கள்

அப்பாவின் சாமான்களை உடனே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு சாக்குப் பைக்குள் கரண்டி மூன்று, ரசமட்டம், நூல் சுற்றின தூக்குக்குண்டு, மணியாஸ் கட்டை ஒன்று இருந்தன. மணியாஸ் கட்டை என்றால் பூச்சைத் தேய்த்து மட்டம் செய்கிற பலகை. அதன் பிடியில் பெருவிரல் படுகிற இடத்தில் மட்டும் அரை விரல் ஆழத்துக்குக் குழி. என் பெருவிரலை வைத்தால் அதில் தொளதொளவென்று இருக்கிறது. அண்ணன் வைத்தான், சரியாக உட்கார்ந்தது. அவன் அதை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான், கொஞ்ச நேரம் உள்ளே வரவில்லை.

இப்படிப் பொருட்களை வெளிச்சமான இடத்தில், ஒரு வெள்ளைத் துண்டின் மேல் வைத்து, தேய்ந்த இடம் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். பையில் இருக்கிற பில், சீட்டு, பழைய டைரி, எதையும் படிக்காமல் எறிய வேண்டாம். அப்பாவின் கணக்கு நோட்டில் எங்கள் கல்யாணத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் பெயரும், திருப்பிக் கொடுத்த தேதியும் இருந்தன. கடைசித் தேதி என் கல்யாணம் முடிந்து ஒன்பது வருடம் கழித்து. எனக்கு அதுவரை தெரியாது.

போட்டோவும் குரலும்

பழைய போட்டோக்களை ஆல்பத்தில் இருந்து பிய்க்காதீர்கள், ஒட்டிக்கொண்டிருந்தால் அப்படியே வைத்து எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், ஜன்னல் பக்கத்தில் காலை வெளிச்சத்தில் போனை நேராகப் பிடித்து எடுத்தால் போதும். பாஸ்போர்ட் அளவுப் படங்களை மட்டும் கடையில் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து வாங்குங்கள், அச்சில் பெரிதாக்கலாம். படத்தில் இருப்பவர்களின் பெயரைப் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறி வரும். யார் யார் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் உயிரோடு இருக்கும்போதே எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லும்போது டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும்.

குரல் விஷயத்தில் எங்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்பா இருக்கும்போது ஒரு ஓணத்துக்கு, பேரன் அவரைப் பேசவிட்டு 40 நிமிடம் போனில் பதிவு செய்திருந்தான். சின்ன வயதில் கையாளாகச் சேர்ந்தது, சக்கரத்தில் கூலி வாங்கினது, முதல் முதலாகச் சுவர் சாய்ந்து மேஸ்திரியிடம் அடி வாங்கினது, எல்லாம் அதில் இருந்தது. போன் பழுதாகி ஒரு கடையில் கொடுத்தோம், அவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக்கிக் கொடுத்துவிட்டார்கள். வேறு எங்கும் நாங்கள் எடுத்து வைக்கவில்லை. இப்போது மிச்சம் இருப்பது என் மகனுக்கு அப்பா அனுப்பின 17 வினாடி வாய்ஸ் மெசேஜ் ஒன்றுதான்: பலாப்பழம் பழுத்திருக்கு, வந்து எடுத்துட்டுப் போ, சக்கை மரத்துல நிக்காது.

தயவுசெய்து இன்றைக்கே செய்யுங்கள். ஒரே பதிவை மூன்று இடத்தில் வையுங்கள்: ஒருவர் போன், ஒருவர் கம்ப்யூட்டர் அல்லது பென் டிரைவ், இணையத்தில் ஒரு டிரைவ். கூட்டாளிகளிடம் பேசும்போது அனுமதி கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வேண்டாம், ஒன்றும் கேட்காது. வீட்டுக்கு வந்து அன்றைக்கே கேட்டு எழுதிவிடுங்கள். குரலை எழுத்தாக்குகிற வசதி போனில் இருக்கிறது, ஆனால் நம் ஊர்ப் பேச்சு அதற்குப் பிடிபடாது, நீங்களே கேட்டு எழுதுவதுதான் வேகம்.

அப்பா இருக்கிறாரா?

அப்படியானால் மேலே சொன்னதில் பாதி வேலை உங்களுக்கு இல்லை. எதிரே உட்கார வைத்துப் பேட்டி எடுக்காதீர்கள். அவர் கையில் வேலை இருக்கும்போது கேளுங்கள், சக்கை வெட்டும்போது, தேங்காய் உரிக்கும்போது, அகத்திக்கீரை உருவும்போது. அப்புறம், அவர் வேலை செய்த இடத்துக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள்.

நாங்கள் அப்பாவை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிப் போனோம், அவருக்கு 80 வயதுக்கு மேல். பறளியாற்றுக்கு மேலே 28 தூண் நிற்கிறது. தான் வேலை செய்த தூண் எது என்று கையை நீட்டிக் காட்டினார். நான் பிள்ளைகளை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன், சரிப்பா என்று சொன்னேன், எது என்று பார்க்கவில்லை. அந்த வரி என் புத்தகத்தில் இல்லை. இன்றைக்கும் அந்தப் பாலத்தில் நடந்தால் ஒவ்வொரு தூணாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போகிறேன்.

எழுதும்போது

பிறந்தார், படித்தார், மணந்தார், பெற்றார் என்று வரிசையாகத் தொடங்க வேண்டாம். அந்த விவரங்களைக் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியலாகப் போட்டுவிடலாம். அவருடைய ஒரு சாதாரண நாளை எடுத்து அதில் இருந்து தொடங்குங்கள். நான் விடியற்காலை நாலரை மணியில் தொடங்கினேன், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு குளத்துக்குப் போவது, திரும்பி வரும்போது டீக்கடையில் கடுங்காப்பி, அங்கே யார் யார் இருப்பார்கள், என்ன பேசுவார்கள். அதிலேயே ஆறு பக்கம் போய்விட்டது.

குறையையும் எழுதலாமா? எழுத வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் அப்பா சித்தப்பாவோடு ஒரு வரப்புத் தகராறில் 11 வருடம் பேசவில்லை. அண்ணனை ஒரு தடவை எல்லோர் முன்னாலும் அடித்திருக்கிறார், அதற்காக வருந்தினார் என்பதை அண்ணனிடம் சொல்லவே இல்லை, டீக்கடையில் சொல்லியிருக்கிறார். இதை விட்டுவிட்டால், அவர் சித்தப்பா வீட்டுப் படி ஏறின நாளுக்கு அர்த்தமே இருக்காது. ஆனால் இதில் சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் வாசித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுங்கள். சித்தப்பா கேட்டார். ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, "11 இல்ல, 12 வருசம்" என்றார். மாற்றினேன். அம்மா ஒரு பாரா வேண்டாம் என்றாள், எடுத்துவிட்டேன், அது என்ன என்று இங்கேயும் சொல்லமாட்டேன்.

சொத்து பேசுகிற நாட்களில் யாரிடமும் கதை கேட்டுப் போகாதீர்கள். எந்தக் கேள்வியும் வேறு மாதிரித்தான் கேட்கும்.

மற்றவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே விடுங்கள். "மக்கா" என்று சொன்னவரை "மகளே" என்று மாற்ற வேண்டாம், மணிக்கூரை மணி நேரம் ஆக்க வேண்டாம்.

அச்சு

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நடுவில் மடித்துப் பின் அடிக்கிற சின்னப் புத்தகம் என்றால் மொத்தப் பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும், 16, 20, 24 என்று. ஏ5 அளவு கைக்கு வசதி, வயசானவர்கள் வாசிக்க எழுத்து 14 புள்ளியாவது இருக்கட்டும். யூனிகோடில் நீங்கள் அடித்ததை அச்சகத்தில் வேறு எழுத்துருவுக்கு மாற்றுவார்கள், அப்போது கொம்பும் காலும் இடம் மாறும், ஆகவே மாற்றின பிறகு வருகிற புரூஃபை இரண்டு பேர் தனித்தனியாக வாசியுங்கள், ஒருவர் பெயர்களை மட்டும் பார்க்கட்டும். மருமகள், மருமகன், கொள்ளுப்பேரன் என்று எல்லாப் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்று விட்டால் அது பெரிய வருத்தமாகிவிடும்.

கண் தெரியாத மாமாவுக்குப் புத்தகத்தைக் கையில் கொடுத்து என்ன பயன் என்று, ஒரு சனிக்கிழமை நானே போய் வாசித்தேன். இரண்டு சனிக்கிழமை ஆனது.

கடைசியாக ஒன்று, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, பக்கக் கணக்குச் சரியாக வர வேண்டும் என்பதற்காகத்தான் நடந்தது: கடைசியில் இரண்டு பக்கம் வெறுமையாக விட்டு, "அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்புங்கள்" என்று போட்டு அண்ணன் நம்பரைக் கொடுத்தோம். நீங்களும் விடுங்கள். ஏழு பேர் எழுதி அனுப்பினார்கள். அதில் ஒருவர் குலசேகரம் பக்கத்தில் ஒரு டீச்சர், எங்களுக்கு முன்பின் தெரியாதவர். அவர்கள் வீடு கட்டும்போது அவருடைய அம்மாவுக்கு முட்டு வலி. அம்மா மணல் குவியலில் ஏறத் திணறுவதைப் பார்த்துவிட்டு, எங்கள் அப்பா யாரிடமும் கேட்காமல் வாசல் படியின் உயரத்தைக் குறைத்து, ஒரு படியைக் கூடுதலாகக் கட்டினாராம். அம்மா கடைசி வரைக்கும் கையைப் பிடிக்காமல் ஏறி இறங்கினாராம்.

டேப் எடுத்துக்கொண்டு அண்ணனும் நானும் போனோம். சாதாரணமாக ஆறு அங்குலம் வைப்பார்கள். நாலு படி இருந்தது, ஒவ்வொன்றும் நாலரை.